மோட்டார்க் காவற்கருவி: இணைப்பும் சோதனையும்

மின்சார மோட்டார் ஓடாத மில்லையோ, அச்சுக்கூடத்தையோ, அரிசி ஆலையையோ இந்நாளில் நம் நாட்டிற் காண்டல் அரிது. 1888ஆம் ஆண்டில் இத்தாலியில் பெராரிஸ் என்பாரும் அமெரிக்காவில் டெஸ்லா என்பாரும் சுழலும் காந்தப்புலத்தின் இயல்பைத் தனித்தனியே வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் டொப்ரவோல்ஸ்கி என்னும் பொறியியலார் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் கூண்டு ரோட்டார் மோட்டாரை அமைத்தார். 1932இல் பைக்காரா மின்சாரம் மலையினின்றும் இறங்கியபின் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்களும் தோட்டத்துக் கிணறுகளும் இம்மோட்டாரைத் தழுவிக்கொண்டன. இவ்வரலாற்றை நம் மாணவர் பலர் அறிவர். ஆயின் அம்மோட்டாரைக் காக்கும்பொருட்டு ஸ்டார்ட்டர்ப் பெட்டியினுள் அமர்ந்திருக்கும் சிறு கருவியைப்பற்றி அவருட் சிலரே சிந்தித்திருப்பர். அக்கருவியை எங்ஙனம் இணைப்பது, இணைத்தபின் அது மெய்யாகவே காக்கும் என்பதை உயிருக்கு அபாயமின்றி எங்ஙனம் அறிவது என்னும் இரண்டையும் இங்கு ஆராய்வாம்.

மோட்டாரைக் கெடுப்பது பெரும்பாலும் உஷ்ணமே. செம்புச் சுருள்களின் காப்பு, தனக்கென வகுத்த அளவினும் ஏறக்குறைய 10 டிகிரி சென்டிகிரேடு மிகுந்த சூட்டில் இருந்துவருமாயின் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியியலார் நெடுநாளாய்க் கையாளும் மதிப்பு. மின்னோட்டம் இருமடங்கானாற் சுருளிற் பிறக்கும் வெப்பம் நான்மடங்காகும் என்பதை ஜூல் விதியாகப் பௌதிக வகுப்பிற் கற்றோம். பம்பிற் கல் சிக்கினாலும், பேரிங் இறுகினாலும், பெல்ட்டை அளவுக்குமேல் இழுத்துக் கட்டினாலும் மின்னோட்டம் மிகும். இவை வெளிப்படையான பகைகள்.

மறைவான பகை ஒன்றுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ்களுள் ஒன்று, பியூஸ் போனதாலோ கம்பத்தில் கம்பி அறுந்ததாலோ நின்றுவிடுகிறது. மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. எஞ்சிய இரண்டு பேஸ்களைக்கொண்டு முனகிக்கொண்டே ஓடுகிறது. முழுப்பளுவிலிருந்தால் அவ்விரு கம்பிகளில் மின்னோட்டம் ஏறக்குறைய 1.73 மடங்காக உயரும். அதனை எந்தக் கருவியும் கண்டுகொள்ளும். பளு குறைவாயிருக்கும்போதுதான் சூது நிகழ்கிறது. டெல்டா முறையிற் கட்டிய மோட்டார் ஒன்றின் முழுப்பளு மின்னோட்டம் 7.5 ஆம்பியர் என்க. மூன்று பேஸ்களும் உள்ளபோது ஒவ்வொரு சுருளிலும் செல்வது 4.33 ஆம்பியர். ஒரு பேஸ் போய், எஞ்சிய கம்பிகளில் அதே 7.5 ஆம்பியர் சென்றால், ஒரு சுருளில் 5 ஆம்பியரும் மற்றிரண்டில் 2.5 ஆம்பியரும் செல்லும். வெளியே அளப்பவனுக்கு 7.5 என்பது குற்றமற்ற எண். உள்ளே ஒரு சுருளில் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு மிகுந்திருக்கிறது. ரோட்டாரும் தனியே சூடேறுகிறது. நம் நாட்டுப் பம்பு அறைகளில் பேஸ் அறுதலைத் தடுக்கும் கருவி தனியே விற்பனையாவதற்குக் காரணம் இதுவே. எனவே மின்னோட்டத்தின் அளவை மட்டுமன்றி மூன்றினிடையேயுள்ள ஏற்றத்தாழ்வையும் கருவி நோக்கவேண்டும். மின்னழுத்தத்தில் 2 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே மின்னோட்டத்தில் 12 முதல் 20 சதவீதம்வரை ஏற்றத்தாழ்வு தோன்றக்கூடும்.

பழைய காவற்கருவி, இருவேறு உலோகங்களைப் பொருத்திய பட்டை சூட்டினால் வளைந்து ஒரு தொடர்பைத் திறப்பது. இக்காலத்து எலெக்ட்ரானிக் கருவியோ மூன்று பேஸ்களின் மின்னோட்டத்தையும் இடைவிடாது அளந்து, மோட்டாரின் சூட்டைக் கணக்கிட்டு நினைவில் வைத்திருந்து, அளவு கடந்ததும் ஆணையிடுவது. பட்டறையில் இரண்டுக்கும் ரிலே என்றே பெயர். இங்கே மாணவர் உளங்கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ரிலே தானே மோட்டாரின் மின்சாரத்தை அறுப்பதில்லை. அது காண்பது; அறுப்பது காண்டாக்டர். இரண்டுக்கும் இடையே இருப்பவை ஒரு மெல்லிய கம்பியும் ஒரு சிறு தொடர்பும். ரிலே எத்துணை நுட்பமாயிருப்பினும் அக்கம்பி தவறினால் அது மோட்டார் எரிவதை வேடிக்கை பார்க்குமேயன்றிக் காவாது. ஆதலின் சோதனை என்பது ரிலேயைச் சோதிப்பதன்று. கண்டதுமுதல் அறுத்ததுவரையுள்ள சங்கிலி முழுவதையும் சோதிப்பதாம். குறுக்கு இணைப்பால் எழும் பேரோட்டத்தைத் தடுப்பது பியூஸ் அல்லது சர்க்யூட் பிரேக்கரின் வேலை. ரிலே இருக்கிறதென்று பியூஸைப் பெரிதாக்குவார் இரண்டையும் இழப்பர்.

இனி உதாரணமாக 5 குதிரைத்திறன், 415 வோல்ட், 7.5 ஆம்பியர் என்று பெயர்த்தகட்டிற் பொறித்த ஒரு பம்பு மோட்டாரை எடுத்துக்கொள்வாம். அது நேரே துவக்கப்படுவது. முதற்கண் மின்சாரத்தை நிறுத்தும் முறை. பிரதான சுவிட்சை அணைத்துப் பூட்டவேண்டும். சாவி வேலை செய்வோர் சட்டைப்பையில் இருக்கவேண்டும். ஆள் வேலையிலுள்ளார் என்னும் அட்டை தொங்கவேண்டும். பின்பு மின்சாரம் இல்லையென்று மெய்ப்பிக்கவேண்டும். அதற்குச் சோதனைக் கருவியை முன்னர் மின்சாரமுள்ள ஓரிடத்தில் வைத்து அது காட்டுகிறதென்று கண்டு, பின்பு நம் பெட்டியில் பேஸுக்கும் பேஸுக்கும் இடையிலும் ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் வைத்துப் பார்த்து, மறுபடியும் மின்சாரமுள்ள இடத்தில் வைத்துக் காணவேண்டும். மூன்றாம் படியைப் பலர் வீண் என்பர். இடையில் கருவியே பழுதாகியிருந்தால், இல்லை என்று அது சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? கெப்பாசிட்டர் இருப்பின் அது தானே வடிவதற்குச் சில நிமிஷம் காத்திருந்து, அதன் முனைகளையும் அளந்தே தொடவேண்டும்.

கருவியில் உள்ள மூன்று துளைகளின் வழியே மூன்று பேஸ் கம்பிகளும் செல்லும். நம் கருவியின் அளவு 10 முதல் 50 ஆம்பியர் என்க. 7.5 அதற்குட்படாது. அப்போது ஒவ்வொரு கம்பியையும் தன் துளையினூடே மூன்றுமுறை செலுத்தினாற் கருவி 22.5 ஆம்பியரைக் காணும், செட்டிங்கும் 22.5 ஆகும். இங்கே எண்ணவேண்டுவது துளையினுட் கம்பி எத்தனைமுறை செல்கிறது என்பதே. வெளியே தெரியும் வளையங்களை எண்ணினால் இரண்டே இருக்கும். அதனை நம்பி 15 என்று வைப்பவர் மோட்டாரை ஓடவிடார். வேறொருவர் ஒரு வளையம் மிகுதியாய்ச் சுற்றிவைத்தாற் கருவி 30 ஆம்பியரைக் கண்டு காரணமின்றி நிறுத்தும். அவர் அதன்மேற் சினங்கொண்டு செட்டிங்கைக் கண்டபடி உயர்த்துவார்.

மூன்று கம்பிகளும் ஒரே திசையில் துளைகளுட் புகவேண்டும். சமமான மூன்று பேஸ் மின்னோட்டங்களைக் கூட்டினால் சுழியாகும் என்பதை நாம் அறிவோம். எர்த்துக் கசிவைக் கருவி இக்கூட்டுத்தொகையினின்றே அறிகிறது. ஒரு கம்பி திசைமாறிப் புகுந்தால் கூட்டுத்தொகை ஒரு பேஸின் மின்னோட்டத்தைப்போல் இருமடங்காகும். கசிவு சிறிதும் இல்லாத மோட்டாரைக் கருவி கசிவுள்ளதென்று நிறுத்தும். பெரிய மோட்டார்களில் தனியான கரண்ட் டிரான்ஸ்பார்மர்களை வைப்பர். அவற்றின் இரண்டாஞ்சுற்றைப் பிரதான மின்னோட்டம் செல்லும்போது ஒருபோதும் திறந்துவிடலாகாது. திறந்தால் முனைகளில் ஆளைக் கொல்லத்தக்க மின்னழுத்தம் எழும். கருவியைக் கழற்றுமுன் இரண்டாஞ்சுற்றைக் குறுக்கே இணைத்துவிடுக.

கட்டளைச் சுற்றை இணைப்பதிற் கருத்துச் செலுத்தவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ரிலேயின் 95, 96 என்னும் முனைகளுக்கு இடையே சாதாரணமாய் மூடியிருக்கும் தொடர்பும், 97, 98க்கு இடையே திறந்திருக்கும் தொடர்பும் உள்ளன. முன்னது மோட்டாரை நிறுத்த. பின்னது விளக்கோ மணியோ இயக்க. கட்டளைப் பேஸ் பியூஸ் வழியே வந்து 95, 96ஐக் கடந்து, நிறுத்தும் பொத்தானையும் துவக்கும் பொத்தானையும் கடந்து, காண்டாக்டர்ச் சுருளின் ஏ1 முனையை அடையவேண்டும். துவக்கும் பொத்தானுக்குப் பக்கத்துணையாகக் காண்டாக்டரின் 13, 14 முனைகள் நிற்கும். சுருளின் ஏ2 முனை வேறெதனையும் சாராது நேரே நியூட்ரலுக்குச் செல்லவேண்டும். சிலர் 95, 96ஐச் சுருளுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வைப்பர். மோட்டார் ஓடுகிறது, ரிலேயும் நிறுத்துகிறது, குற்றம் என்ன என்று வினவுவர். சுருளினின்று 96க்கு வரும் கம்பியின் தோல் உரிந்து இரும்புப் பெட்டியைத் தொட்டதாக வைத்துக்கொள்க. நியூட்ரல் எர்த்தோடு இணைந்தது. பெட்டியும் எர்த்தோடு இணைந்தது. ரிலே தன் தொடர்பைத் திறந்தாலும் சுருளின் மின்னோட்டம் பெட்டியின் வழியே திரும்பிவிடும், காண்டாக்டர் விடாது. தொடர்புகளெல்லாம் பேஸ் பக்கத்திலிருப்பின் அதே பழுது கட்டளைப் பியூஸை எரித்து மோட்டாரை நிறுத்தும். பழுது ஒன்றே; ஓரிடத்தில் அது காவலைக் கொல்கிறது, மற்றோரிடத்தில் தன்னையே காட்டிக்கொடுக்கிறது.

ரீசெட் கையாற் செய்வதாயிருத்தல் நன்று. தானே ரீசெட் ஆகும்படி வைத்து, மிதவைச் சுவிட்சோ ஆட்டோ ஸ்டார்ட்டரோ சேர்ந்திருந்தால், ரிலே ஆறியதும் மோட்டார் ஒருவரையும் கேளாது ஓடும். நின்ற பம்பை ஏனென்று பார்க்கச் சென்றவர் கை அப்போது கப்ளிங்கின்மேல் இருக்கலாம்.

மோட்டார்ச் சுருள்களின் நடுவே தெர்மிஸ்டர்கள் பதிக்கப்பட்டிருப்பின் அவற்றையும் ரிலேயோடு இணைக்கவேண்டும். தொடராய்க் கட்டிய மூன்றும் குளிர்ந்த நிலையில் 750 ஓமுக்கு மேற்படா. வரம்புச் சூட்டில் அவற்றின் தடை திடீரென ஏறிப் பல ஆயிரம் ஓமாகும். மல்டிமீட்டரின் சிறு மின்னழுத்தமே இவற்றைச் சோதிக்கப் போதும். மெக்கரை இவற்றின் இரு முனைகளுக்கிடையே வைப்பது இவற்றைக் கொல்வதாகும்.

மெக்கர் என்றவுடன் ஒரு சொல். மோட்டாரின் காப்பை 500 வோல்ட் மெக்கரால் ஒரு நிமிஷம் சோதித்தல் இன்றியமையாதது. ஆயின் அச்சோதனையை மோட்டார்க் கம்பிகளை ரிலேயினின்றும் காண்டாக்டரினின்றும் கழற்றிய பின்னரே செய்க. எலெக்ட்ரானிக் கருவியோ வேகமாற்றும் டிரைவோ இணைந்திருக்க மெக்கரைச் சுற்றினால், சோதனையில் மோட்டார் தேறும், கருவி மாளும். நல்ல மோட்டார் பல மெகோம் காட்டும். ஒரு மெகோமுக்குக் குறைந்ததை உலர்த்தாது ஓட்டலாகாது. முடிந்தபின் சுருளை எர்த்தோடு தொடுத்து வடியவிடுக.

இப்போது சங்கிலியைச் சோதிக்கும் காலம் வந்தது. பிரதான பியூஸ்கள் மூன்றையும் எடுத்துவிட்டுக் கட்டளைச் சுற்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கவேண்டும். கட்டளை மின்சாரத்தைப் பெட்டியிலுள்ள சிறு டிரான்ஸ்பார்மர் தருவதாயின் இங்கே மறைந்திருக்கும் அபாயத்தை அறிக. வெளியிலிருந்து அதன் இரண்டாஞ்சுற்றுக்கு 110 வோல்ட் கொடுத்தால், டிரான்ஸ்பார்மர் பின்னோக்கி வேலைசெய்து, மின்சாரம் இல்லையென்று நாம் மெய்ப்பித்த பிரதான முனைகளில் 415 வோல்ட்டை எழுப்பும். ஆதலின் முதலில் டிரான்ஸ்பார்மரின் இரு பக்கத்துப் பியூஸ்களையும் எடுத்துவிடல் வேண்டும். பின்பு துவக்கும் பொத்தானை அழுத்துக. காண்டாக்டர் ஓசையோடு பிடிக்கும். ரிலேயின் சோதனைப் பொத்தானை அழுத்துக, காண்டாக்டர் விடவேண்டும். ரீசெட் செய்யாமல் மீண்டும் துவக்கும் பொத்தானை அழுத்துக, அது பிடிக்கலாகாது. தெர்மிஸ்டர்க் கம்பிகளைக் கழற்றி அவ்விடத்தில் 4700 ஓம் தடையை வைத்தாலும் காண்டாக்டர் விடவேண்டும். விலையுயர்ந்த உபகரணம் ஒன்றும் வேண்டாத இச்சோதனை பத்து நிமிஷத்தில் முடிவது. எனினும் பெரும்பாலும் விடப்படுவதும் இதுவே.

நாம் பார்வையிட்ட ஒரு பட்டறையில் கரிந்த மோட்டாரின் அருகே ரிலே பழுதின்றி நின்றது. அதன் முகத்தில் டிரிப் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தபோது 95க்கும் 96க்கும் இடையே ஒரு சாண் சிவப்புக் கம்பி பாலமாய் இடப்பட்டிருந்தது. என்றோ ஒருநாள் சோதனைக்காக யாரோ இட்டது, எடுக்க மறந்தது. ரிலே தன் கடமையைச் செய்து கூவியிருக்கிறது. கேட்கவேண்டிய காண்டாக்டரின் செவியை அக்கம்பி அடைத்துவிட்டது. மோட்டாரோடு போயிற்று, ஆளுக்கு ஒன்றும் நேரவில்லை.

கருவி அளவையும் காலத்தையும் சரியாய்க் காண்கிறதா என்பதைச் செயற்கை மின்னோட்டத்தால் அறியலாம். இது நம் ஆய்வுக்கூடத்திற் செய்யத்தக்கது. மோட்டார்க் கம்பிகளைத் துளைகளினின்று விலக்கிவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு துளையினூடும் 15 முறை செலுத்திக்கொண்டாற் சிறு மின்னோட்டமே பெரிதாய்த் தோன்றும். வேரியாக்கும் சில வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மரும் ஆம்பியர் மீட்டரும் போதும். செட்டிங் 22.5 ஆதலின் அதன் 1.05 மடங்குக்கு 1.58 ஆம்பியர் செலுத்துவோம். இரண்டு மணி நேரம்வரை ரிலே அசையலாகாது. சூடான அந்நிலையிலிருந்தே 1.2 மடங்காக, அதாவது 1.8 ஆம்பியராக, உயர்த்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகவேண்டும். 10ஆம் வகுப்பு ரிலேயைக் குளிர்ந்த நிலையில் 7.2 மடங்கில், அதாவது 10.8 ஆம்பியரில், வைத்தால் 4 விநாடிக்குமேல் 10 விநாடிக்குள் விடவேண்டும். 20ஆம் வகுப்பாயின் 6 முதல் 20 விநாடி. இவ்வெண்கள் உலகத் தொழில்நியமத்திற் கண்டவை.

ஒரே கம்பி மூன்று துளைகளிலும் தொடராய்ச் செல்லும்போது மூன்று மின்னோட்டங்களும் ஒரே காலத்தில் ஏறி இறங்குவன. பழைய உலோகப்பட்டை ரிலேக்கு அதனால் தடையில்லை. எலெக்ட்ரானிக் கருவியோ அவற்றைக் கூட்டிப்பார்த்து எர்த்துக் கசிவு என்று உடனே விட்டுவிடும். ஆதலின் மூன்று பேஸ் தரும் சோதனைக் கருவி இல்லாதவிடத்து, கசிவுக்காவலையும் ஏற்றத்தாழ்வுக்காவலையும் சோதனைப்பொழுதுக்கு நிறுத்திவைக்கவேண்டும். நிறுத்திய கணமே குறிப்பேட்டில் எழுதி, அப்பக்கத்தைக் கருவியின் முகத்திலேயே ஒட்டிவைத்து, மீண்டும் இயக்கிய பின்னரே அதனைக் கிழிக்கும் வழக்கம் நன்று. சிவப்புக் கம்பியின் கதை இங்கே நிழல்வடிவிற் காத்திருக்கிறது; கம்பியாவது கண்ணுக்குத் தெரியும், கருவியினுள் அணைத்துவைத்த காவல் தெரியாது. அதனை மீண்டும் இயக்கியபின் இரண்டு துளைகளில் மட்டும் மின்னோட்டத்தைச் செலுத்திப் பேஸ் அறுதலை அது காண்கிறதா என்று பார்க்கலாம். ஓடும் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கி இதனைக் காட்டுவார் உளர். தீப்பொறி முகத்திற் பாயும் அவ்வித்தையை நம் மாணவர் கற்கவேண்டா.

ஈற்றிலேயே மோட்டாரை ஓட்டுதல். மோட்டார்க் கம்பிகளைத் துளைகளில் முன்போல் மூன்றுமுறை செலுத்தி, எடுத்த பியூஸ்களை இட்டு, சோதனைக் கம்பிகளை ஒவ்வொன்றாய் எண்ணித் திரும்பப் பெற்று, மூடியை முடுக்கிய பின்பு, பூட்டை இட்டவரே அதனைத் திறக்கவேண்டும். சுழலும் திசையை ஒரு கணம் ஓட்டிப் பார்த்துக்கொண்டு, பளுவோடு ஓடும்போது மூன்று கம்பிகளையும் கிளாம்ப் மீட்டரால் அளந்து, கருவி காட்டும் எண்ணைச் சுற்றுக்கணக்கால் வகுத்து ஒப்பிடுக. மோட்டார் முனைகளிலேயே கெப்பாசிட்டர் இணைந்திருந்தால் ரிலே வழியே செல்லும் மின்னோட்டம் பெயர்த்தகட்டு எண்ணினும் குறையும். அப்போது முழுப்பளுவில் அளந்த எண்ணுக்கே செட்டிங்கை இறக்கவேண்டும். செட்டிங், வகுப்பு, கம்பி துளையிற் சென்ற முறை, சோதனையில் விட்ட விநாடி, நாள் ஆகியவற்றை மூடியின் உட்புறத்தில் எழுதிவைக்க. மோட்டார் மறுபடி சுருள் கட்டப்பட்டு வந்தாலோ வேறு மோட்டார் மாற்றப்பட்டாலோ அவ்வெழுத்தை அடித்துவிட்டு, பெயர்த்தகட்டினின்றே மீண்டும் தொடங்கவேண்டும்.